கைக்கு எட்டாத சஸ்பென்ஷன் நட்டுகள்

மேடுபள்ளத்தில் காரின் முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் எழுந்தால், நான் முதலில் சந்தேகிப்பது ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி) சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடைத்தான். இரண்டே நட்டுகளில் நிற்கும் சிறிய பாகம் அது. ஆனால் அந்த நட்டுகளுக்கு ஸ்பேனரைக் கொண்டுசேர்ப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

நீளமான ஸ்பேனரைத் தேடுவதற்கு முன், நட்டு இருக்கும் இடத்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பதே என் வழக்கம். வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிய பின், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பினால், ஷாக் அப்சார்பரும் அதனுடன் லிங்கின் மேல்முனையும் சேர்ந்து திரும்பி, ஸ்பேனரைச் சுழற்றப் போதிய இடம் கிடைத்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால், முன்பக்கத்தின் இரு புறத்தையும் சேர்த்தே தூக்க வேண்டும்.

அடுத்த தொல்லை, நட்டோடு சேர்ந்து லிங்கின் மரையும் சுற்றுவது. பல வண்டிகளில் மரையின் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். அதில் இறுகிக் கிடக்கும் மண்ணைக் கூரிய கம்பியால் சுத்தமாகக் கிளறி எடுக்காமல் கீயைச் செருகினால், குழியின் விளிம்பு மழுங்கிவிடும். பாக்ஸ் ஸ்பேனர் அந்தக் குழியை மூடிவிடுவதால், இங்கே ரிங் ஸ்பேனர்தான் உதவும். குழியும் மழுங்கிவிட்டதென்றால் ஹேக்ஸா பிளேடால் நட்டை அறுத்துவிடலாம். எப்படியும் பழைய லிங்க் குப்பைக்குப் போகப்போவதுதானே.

சக்கரத்தை அடியில் வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க போல்ட்டு வேறு ரகம். அதற்கு எக்ஸ்டென்ஷன் ராடுகளைக் கோத்து, ராட்செட்டை (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) குறுகலான இடத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் கை தாராளமாக அசையும். துருப்பிடித்த தலைக்குப் பன்னிரண்டு முனை பாக்ஸைவிட ஆறு முனை பாக்ஸே நன்றாகக் கவ்வும்.

ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, சக்கரம் தரையில் நிற்கும்போது ஆர்ம் இருக்கும் உயரத்துக்கு அதை ஏற்றிவிட்டு, கடைசி இறுக்கை அப்போது கொடுப்பேன்.