கட்டுப் போடுவதற்கு முன் காலைப் பார்ப்பது

வீங்கிய காலோடும் ஆறாத புண்ணோடும் வருபவருக்கு இறுக்கக் கட்டுப் போடும்படி சீட்டில் எழுதியிருந்தாலும், அந்தக் காலின் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் கட்டுத்துணியைக் கையில் எடுக்கக் கூடாது என்று, வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. சிரையில் ரத்தம் தேங்கி வீங்கிய காலுக்கு இறுக்கமான கட்டும், உயர்த்தி வைப்பதும்தான் சிகிச்சை. தமனி அடைபட்ட காலிலோ அதே கட்டு, சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும் ரத்தத்தையும் நிறுத்தி, விரலைக் கறுக்க வைத்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது வலி எப்போது வருகிறது என்பது. "கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது சிஸ்டர், நின்னா விட்டுடுது" என்று ஒருவர் சொன்னால் தமனியை நினைக்க வேண்டும். சாயங்காலம் ஆக ஆகக் கால் கனக்கிறது, தலையணை மேல் தூக்கி வைத்தால் இதமாக இருக்கிறது என்றால் சிரையை நினைக்க வேண்டும். தமனி அடைப்பு முற்றியவர்களுக்கு இரவில் படுத்தாலே வலி வந்துவிடும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அப்படித் தொங்கவிட்டே வைத்திருப்பதால் பாதம் வீங்கும், சிவக்கவும் செய்யும். பார்ப்பவருக்கு அது சிரை வீக்கம் போலவோ கிருமித்தொற்று போலவோ தோன்றும். காலைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்தால் அந்தச் சிவப்பு வெளிறிப்போவதைக் காணலாம். தவறான காலுக்குக் கட்டு ஏறும் அபாயம் இந்த இடத்தில்தான் அதிகம்.

சர்க்கரை, புகைப் பழக்கம் பற்றிய கேள்விகளையும் விடக் கூடாது. இளவயதில் பீடி குடிப்பவர் விரல் நுனியில் புண்ணோடு வந்தால், லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908இல் விவரித்த, இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் நினைவுக்கு வர வேண்டும்.

பிறகு பார்வை. மறைப்பை இழுத்துவிட்டு, இரண்டு கால்களையும் தொடை வரை திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வலிக்கும் காலை மட்டும் பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். நம்முடைய மாநிற, கறுப்பு நிறத் தோலில் வெளிறலும் நீலம் பாய்தலும், வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடநூல் படத்தைப் போலப் பளிச்சென்று தெரியாது. உள்ளங்காலையும் நகக்கண்ணையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, மற்றக் காலோடு ஒப்பிட வேண்டும். உள் கணுக்காலுக்கு மேலே, ஓரம் ஒழுங்கில்லாமல், ஆழமில்லாமல், நீர் கசியும் புண் பெரும்பாலும் சிரையால் வந்தது. சுற்றிலும் தோல் பழுப்பேறியிருக்கும். விரல் நுனியிலோ குதிகாலிலோ, வெட்டி எடுத்தது போன்ற ஓரத்தோடு, வறண்டு வெளிறிய புண் தமனிப் புண்.

வெப்பத்தைப் புறங்கையால் தொட்டு அறிய வேண்டும். நாடியை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொண்டு பார்க்க வேண்டும். கட்டைவிரல் வைத்தால் நம் நாடியையே நோயாளியின் நாடியென்று எண்ணிவிடுவோம். பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் புறங்காலில் ஒரு தசைநாண் புடைத்து நிற்கும். அதற்குச் சற்று வெளிப்பக்கம் விரல்களைப் பட்டும் படாமலும் வைத்தால் நாடி தட்டுப்படும். அழுத்தினால் மறைந்துவிடும். நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்குக்கூடப் புறங்கால் நாடி இருக்காது என்பதால், உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஓடும் நாடியையும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

நாடி சந்தேகமாக இருந்தால் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி. நோயாளியைச் சில நிமிடம் படுக்க வைத்து, கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை (சிஸ்டாலிக்), கையில் அளந்த மேல் எண்ணால் வகுக்க வேண்டும். கையில் 150, கணுக்காலில் 90 என்றால் விகிதம் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றாலே தமனி நோய், 0.8க்குக் கீழே இறங்கினால் ரத்தநாள மருத்துவர் பார்க்காமல் முழு இறுக்கக் கட்டு கிடையாது, 0.5க்குக் கீழே என்றால் கட்டுக்கே இடமில்லை. 1.4க்கு மேல் வந்தால் ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று மகிழ வேண்டாம். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையால் அமுக்க முடியாமல் போவதால் வரும் எண் அது.

நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) தேங்குவதால் வரும் நிணநீர் வீக்கம் வேறு கதை. முன்காலெலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தினால் தொடக்கத்தில் குழி விழும். நாளாக ஆகத் தோல் தடித்துக் குழி விழாமல் போகும். இரண்டாம் கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லை என்றால் அது நிணநீர் வீக்கத்துக்கான அடையாளம். ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976இல் எழுதியது. தூக்க முடிந்தது என்பதால் மட்டும் நிணநீர் வீக்கமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. நம் ஊர்ப் பெண்கள் மெட்டி அணிவது சரியாக அந்த விரலில்தான் என்பதால், "மெட்டி ஒரு கால்ல மட்டும் இறுகுதாம்மா? கொலுசு?" என்று கேட்டே பலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். யானைக்கால் நோயாளியிடம் விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். அங்கே உள்ள சிறு வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைந்து காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்ப வருகின்றன. சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கு வரை ஈரம் ஒற்றி எடுப்பதை அங்கேயே செய்து காட்டிவிடலாம்.

தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அளவு, வலி, அசைவு மூன்றையும் எழுத வேண்டும். தொட்டால் வலித்து, நகர்ந்து கொடுத்தால் காலில் எங்கோ புண் இருக்கும். வலியில்லாமல், கல்லுப் போல, அசையாமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளக்க வேண்டும், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது கவனிக்கத்தக்கது. உடன் வந்தவர்கள் தைலம் தேய்க்கத் தொடங்குவதற்குள் தடுத்துவிட வேண்டும். திடீரென வலித்து, ஜில்லிட்டு, நாடியில்லாமல், மரத்துப்போன கால் என்றால் குறிப்பேட்டை மூடிவிட்டு முதலில் மருத்துவரை அழைக்க வேண்டும்.

மற்றபடி குறிப்பேட்டில் நாடியின் வலுவுக்கு மதிப்பெண்ணாக "நாடி 2+" என்று மட்டும் எழுதுவது அடுத்த ஷிப்டுக்குப் பயன்படாது. எத்தனைக்கு 2, எந்தக் கால், எந்த இடம், விரலால் பார்த்ததா டாப்ளரால் கேட்டதா என்பதையும் எழுதி, நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இரவுப் பணிக்கு வருபவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.