மழைக்கு முந்தின சேறு

ஒக்டோபர் 10, வெள்ளி

நாளை உலக வலசைப் பறவைகள் தினம். வெள்ளன கிளிநொச்சிப் பக்கத்துச் சுண்டிக்குளம் ஏரிக்குப் போகிறோம். அண்ணை மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து வைத்துவிட்டார். மழை இன்னும் இறங்கவில்லை, எனக்கும் அதுதான் வேண்டும்.

ஒக்டோபர் 11, சனி

தர்மபுரம் தாண்டும்போது நன்றாக விடியவில்லை. ஏரி வற்றிக் கிடந்தது. கரையில் உப்புப் பூத்த தரை, அதற்கப்பால் ஈரச்சேறு, பிறகு கணுக்காலளவு தண்ணீர். சேற்றில் அலகால் குத்தி இரை தேடும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களுக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டு. மாரி தொடங்கி கனகராயன் ஆறு பெருகினால் அது மூடிவிடும். ஆட்கள் தை, மாசியில் பூநாரை பார்க்க வருகிறார்கள். பூநாரை அழகுதான், ஆனால் எனக்கு இந்தப் புரட்டாசிக் கடைசிதான் சுண்டிக்குளத்தின் நல்ல காலம்.

உமரிச் செடிகளுக்குப் பக்கத்தில் குந்தினோம். அசையாமல் இருக்க இருக்க வளைமூக்கு உள்ளான்கள் தாமாகவே கிட்ட வந்தன. பெரியவற்றின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் இன்னும் மிச்சம். ஒன்று மட்டும் வேறு மாதிரி: முதுகின் ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய விளிம்பு, நெஞ்சில் லேசான மஞ்சள் பூச்சு. இந்த வருடக் குஞ்சு. அலகை அடிவரை சேற்றில் இறக்கி நாலைந்து தரம் குத்தியது, ஒரு மெல்லிய புழுவை இழுத்து விழுங்கியது, திரும்பவும் குத்தியது. பொரித்தது சைபீரியாவின் வடகோடித் தூந்திராவில், மரமில்லாத குளிர்வெளியில். தாய் தகப்பன் முன்னமே புறப்பட்டுவிடும், குஞ்சுகள் பின்னால் தனியாக வழி கண்டுபிடித்து வரும்.

"இந்தச் சின்னன் தனியவோ வந்தது?" என்று அண்ணை திரும்பத் திரும்பக் கேட்டார். நிறை ஏறக்குறைய 60 கிராம்தான்.

எட்டரை மணிக்கு ஒரு பிக்கப் படமெடுக்கச் சேற்றுக்குள்ளேயே இறங்கியது. ஆட்காட்டி கத்த, முழுக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் பறந்து இளைத்து வந்தவை, இரை எடுக்கும் நேரத்தில் கலைத்தால் சேர்த்த கொழுப்பும் வீண். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான இடம் இது. வாகனத்தை றோட்டிலேயே விட்டு நடந்து வந்து, சும்மா குந்தியிருங்கள். படமும் இதைவிட நன்றாக வரும்.

அப்புறம் பார்த்தவை: பவளக்காலி, பச்சைக்காலி, கொசு உள்ளான், ஒரு சோடி அனுமன் உப்புக்கொத்தி. கடைசியாகச் சொன்னது விருந்தாளி இல்லை, இங்கேயே முட்டையிடும் பறவை. 2023 இல்தான் அதைத் தனி இனம் என்று பிரித்தார்கள்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இரண்டு இரவு நல்ல மழை. நாங்கள் குந்தியிருந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர், உள்ளான் ஒன்றுகூட இல்லை. நடு ஏரியில் ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. அண்ணைக்கு வாத்தில் மனம் போகவில்லை, அந்தக் குஞ்சு எங்கே போயிருக்கும் என்றே கேட்கிறார். மன்னாரில் வங்காலைப் பக்கம் கடல் வற்றும்போது சேறு தெரியும். அடுத்த சனி அங்கே போகிறோம்.