ஐப்பசி ஈரமும் அயனித் திரவங்களும்: காரைக்குடி ஆய்வுக்கூட நாட்குறிப்பு

அக்டோபர் 22

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தின் ஈரமானி காலையிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. அயனித் திரவங்கள் என்பவை குறைந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகள். அவற்றுள் நீரோடு கலக்காதவை என்று பெயரெடுத்தவைகூடக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் செட்டிநாட்டின் வெயிற்காலமே மேல். பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் டெட்ராஃபுளோரோபோரேட் என்ற அயனித் திரவத்தின் ஒரு துளியை அகச்சிவப்பு நிறமாலைமானியின் வைரப் படிகத்தின்மேல் வைத்து, வேண்டுமென்றே மூடாமல் விட்டேன். சற்று நேரத்தில் 3640, 3560 செ.மீ⁻¹ (அதிர்வின் அலையெண்) அருகே இரண்டு முகடுகள் தலைகாட்டின. வெறும் நீரில் 3400 செ.மீ⁻¹ஐ ஒட்டித் தெரியும் அகன்ற மேட்டை இங்கே காணவில்லை. அப்படியானால், உள்ளே நுழைந்த நீர் மூலக்கூறுகள் தமக்குள் கூடிக்கொள்ளாமல், ஒவ்வொன்றும் தன் இரு ஹைட்ரஜன்களால் இரண்டு எதிரயனிகளை, அதாவது எதிர்மின்சுமை கொண்ட டெட்ராஃபுளோரோபோரேட் அயனிகளை, பற்றிக்கொண்டு தனித்து நிற்கின்றன என்று கொள்ள வேண்டும். எதிரயனி எவ்வளவு வலுவாக ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கிறதோ, அவ்வளவுக்கு இம்முகடுகளின் அலையெண் கீழிறங்கும்; எதிரயனி ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டானால் மேலேயும் நைட்ரேட்டானால் கீழேயும் அவை அமைவது அதனால்தான். அழையாமல் வந்த நீரே அளவுகோலாகவும் பயன்படுகிறது.

அக்டோபர் 29

வெற்றிடத்தில் சூடேற்றி உலர்த்திய பின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளின் அதிர்வு தெரியும் 3000 முதல் 3200 செ.மீ⁻¹ வரையிலான பகுதியைப் பார்த்தேன். இமிடசோலிய வளையத்தில் இரு நைட்ரஜன்களுக்கு இடையிலுள்ள கார்பனின் ஹைட்ரஜன்தான் அமிலத்தன்மை மிக்கது. ஆகவே அலையெண் தாழ்ந்த முகட்டை அதற்கும், அலையெண் உயர்ந்த முகட்டை வளையத்தின் மற்ற இரண்டு ஹைட்ரஜன்களுக்கும் உரியதாக்குவது நெடுநாள் வழக்கம். ஆனால் வளைய அதிர்வுகளின் மேற்சுரங்களும் கூட்டுச்சுரங்களும் ஃபெர்மி ஒத்திசைவால் (அலையெண் நெருங்கிய அதிர்வுகள் ஒன்றோடொன்று கலப்பதால்) இதே இடத்தில் வலுப்பெறுகின்றன என்ற மறுப்பு வலுவானது. மென்பொருள் இப்பகுதியை எத்தனை வளைகோடுகளாகவும் அழகாகப் பிரித்துக் காட்டும்; ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் ஏற்றிய மாதிரியோடு ஒப்பிடாத வரை அந்தப் பிரிப்பை நான் நம்பப்போவதில்லை.

நவம்பர் 5

அந்த ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மெத்தில் தொகுதி ஏறிய உப்பின் குப்பியைச் சாய்த்தால், திரவம் சுவரை விட மனமின்றி மெல்ல வழிகிறது. முதன்மையான ஹைட்ரஜன் பிணைப்பை நீக்கியும் பாகுநிலை கூடுவது விந்தைதான். அயனிகள் அமையக்கூடிய நிலைகள் குறைந்துபோவதே காரணம் என்பது ஒரு விளக்கம். ஹைட்ரஜன் பிணைப்பு மின்னிழுவிசையின் சீரைக் குலைத்துத் திரவத்தை இளக்குகிறது என்பது மற்றொன்று.

நவம்பர் 14

மின்கலங்களுக்காக லித்தியம் உப்பைக் கரைத்த பிஸ்(ட்ரைஃபுளோரோமெத்தேன்சல்ஃபோனைல்)இமைடு திரவத்தின் ராமன் நிறமாலை (சிதறிய லேசர் ஒளியில் அதிர்வுகளைக் காட்டுவது) இன்று கிடைத்தது. மஞ்சள் படிந்த மாதிரி ஒளிர்ந்து நிறமாலையை மறைத்துவிடும்; அதனால் 1064 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்தினேன். எதிரயனி முழுவதும் விரிந்து சுருங்கும் அதிர்வு 742 செ.மீ⁻¹ அருகே ஒற்றை முகடாக இருந்தது. லித்தியம் சேர்ந்ததும் 748ஐ ஒட்டித் தோள்போலொன்று எழுந்தது. அது லித்தியத்தோடு பிணைந்த எதிரயனிகளுக்குரியது. நீர்த்த கரைசலில் ஒரு லித்தியம் இரண்டு எதிரயனிகளைச் சூடிக்கொள்வதால் தொகுதியின் நிகர மின்சுமை −1 ஆகிறது. மின்புலத்தில் லித்தியம் தான் போகவேண்டிய முனைக்கு எதிர்த்திசையிலேயே இழுபடக்கூடும். உப்பின் செறிவைக் கூட்டிக்கொண்டே போய், தோளின் பரப்பு எவ்விடத்தில் நேர்கோட்டை விட்டு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குள் காற்றும் ஈரமும் புகாத குளோவ் பாக்ஸில் ஆர்கான் உருளை மாற்றியாக வேண்டும்.