ஹாலிஃபாக்ஸில் இரண்டு ஓவர்டைம்: 2022–23 கனடா பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பருவத்தின் வழித்தடம்

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரின் ஸ்கோஷியாபேங்க் சென்டரில் ஆண்கள் இறுதியாட்டம். நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டியது ஐம்பது நிமிடம் ஓடியது. இரண்டாவது ஓவர்டைம் (ஸ்கோர் சமமானால் தரும் கூடுதல் நேரம்) முடிவில் ஒட்டாவாவின் கார்ல்டன் ரேவன்ஸ் 109, ஆன்டிகோனிஷ் ஊரின் செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் எக்ஸ்-மென் 104. கார்ல்டனுக்கு அது 17-ஆவது தேசியக் கோப்பை.

எண்களைப் பார்த்தால் வழக்கம்போல் கார்ல்டன் வென்றது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் இந்தப் பருவத்தை ஸ்கோர் அட்டையைவிட நோவா ஸ்கோஷியாவின் சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. யாருக்கு எது சொந்த மைதானம், யார் எவ்வளவு தூரம் வந்து ஆடினார்கள், அரங்கில் யாருடைய சத்தம் எடுபட்டது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். அந்த வழியில் பயணம் போக நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் பருவத்தின் அமைப்பு. நாடு நான்கு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது: ஒன்டாரியோ, கியூபெக், அட்லான்டிக், மேற்குக் கனடா. லீக் ஆட்டங்களில் ஒரு வட்டாரத்து அணி இன்னொரு வட்டாரத்து அணியைச் சந்திக்காது. ஆகவே கார்ல்டனும் எக்ஸ்-மென்னும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தனித்தனி உலகங்களில்தான் இருந்தன. மார்ச்சில் நடக்கும் 'ஃபைனல் எய்ட்' போட்டியில் நான்கு வட்டாரச் சாம்பியன்கள், போட்டியை நடத்தும் அணி, கூடவே சில அணிகள் என்று எட்டுப் பேர் கூடுவார்கள். அந்தப் பருவத்தில் வெள்ளிக்கிழமை காலிறுதி, சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. மூன்று நாளில் மூன்று வெற்றி பெற்றால் கோப்பை. ஒரு தோல்வி போதும், கதை முடிந்தது.

2022–23-க்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. பெருந்தொற்றால் 2020–21 பருவம் நடக்கவே இல்லை. 2021–22 பருவம் ஜனவரியில் நின்று, பிறகு மீண்டும் கிளம்பி, எட்மன்டனில் ஏப்ரல் 3 அன்றுதான் முடிந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு தடங்கலில்லாமல் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்த முதல் பருவம் இதுதான்.

அட்லான்டிக் வட்டாரத்தில் எட்டு அணிகள். நோவா ஸ்கோஷியாவில் மட்டுமே ஐந்து: ஹாலிஃபாக்ஸில் டல்ஹவுஸி, செயின்ட் மேரிஸ், வுல்ஃப்வில்லில் அகாடியா, ஆன்டிகோனிஷில் எக்ஸ்-மென், சிட்னியில் கேப் பிரெட்டன். வெளியே நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல். குளிர்காலத்தில் இந்த எட்டையும் சுற்றிவருவது அணிகளுக்கே பெரும்பாடு. மெமோரியலுக்கு விமானத்தில்தான் போக வேண்டும் என்பதால், ஒரு பயணத்திலேயே அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டங்களை முடித்துவிடுவார்கள். அங்கே கடிகாரம் ஹாலிஃபாக்ஸைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும். ஆட்ட நேரத்தைப் பார்க்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் முதல் குவாட்டர் (ஆட்டத்தின் முதல் கால் பகுதி) போய்விடும்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு 12.9 கிலோமீட்டர் கான்ஃபெடரேஷன் பாலம். உள்ளே போகும்போது கட்டணம் கேட்க மாட்டார்கள். தீவை விட்டு வெளியேறும்போதுதான் வாங்குவார்கள். காற்று பலமானால் உயரமான வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். கார் போகும், பேருந்து நிற்கும். வீரர்களின் பேருந்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் நீங்கள் சீக்கிரமே அரங்குக்கு வந்து பயனில்லை. புறப்படும் முன் பாலத்தின் காற்று நிலவரத்தைப் பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

லீக் ஆட்டங்களுக்கு ஹாலிஃபாக்ஸைத் தங்குமிடமாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். டல்ஹவுஸியும் செயின்ட் மேரிஸும் நகரின் தென்பகுதியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. வுல்ஃப்வில் 101-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 90 கிலோமீட்டர். ஆன்டிகோனிஷ் சுமார் 215 கிலோமீட்டர்: 102-இல் வடக்கே ட்ரூரோ வரை, அங்கிருந்து 104-இல் கிழக்கே. இந்த 104-இல் சதர்லண்ட்ஸ் ரிவர் தொடங்கி ஆன்டிகோனிஷ் வரையிலான பகுதியில் அந்தப் பருவத்தில் நான்கு வழிப்பாதை வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. இருவழியாக இருந்த இடங்களில் எதிரே வந்த லாரி சேற்றுப்பனியை வாரி கண்ணாடியில் அடித்தது. வைப்பர் நீரில் மைனஸ் 40-க்கான வகையையே ஊற்றுங்கள். மலிவான கோடைக்கால நீர் கண்ணாடியிலேயே உறைந்து பார்வையை மறைத்துவிடும்.

பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் ஒரே மாலையில் அடுத்தடுத்து நடப்பதுதான் இங்கே வழக்கம். ஒரே டிக்கெட்டில் இரண்டும் பார்க்கலாம். ஆண்கள் ஆட்டம் மட்டும் போதும் என்று பிந்தி வருபவர்களுக்கு நல்ல இருக்கை கிடைக்காது. அதைவிட, பெண்கள் ஆட்டத்தைத் தவறவிடுவது இந்தப் பருவத்தில் பெரிய நஷ்டம். காரணம் பின்னால் வருகிறது.

ஆன்டிகோனிஷுக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். ஸ்டீவ் கொன்சால்ஸ்கி 46 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த ஊர் அது. 919 வெற்றிகள், கனடியப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் அதற்கு மேல் யாருக்கும் இல்லை. 1993, 2000, 2001 என்று மூன்று தேசியக் கோப்பைகள். 2021-இல் அவர் ஓய்வு பெற, அவரிடமே ஆடிய டைரல் வெர்னன் பொறுப்பேற்றார். சிறிய ஊர், பல்கலைக்கழகம்தான் அங்கே எல்லாம். ஆட்ட நாளில் அணியைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் பதில் கிடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் 215 கிலோமீட்டர் காரோட்டி வந்தால் ஸ்கோஷியாபேங்க் சென்டரே எக்ஸ்-மென்னின் வீடாகிவிடும். 2023 இறுதியாட்டத்தை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆனால் அந்த அரங்கம் கார்ல்டனுக்கும் அந்நியமில்லை. ஹாலிஃபாக்ஸ் மெட்ரோ சென்டர் என்ற பழைய பெயரில் 1978-இல் திறந்த கட்டடம் அது. 1984 முதல் 2007 வரை தேசியப் போட்டி தொடர்ந்து அங்கேதான் நடந்தது. கார்ல்டன் தன் முதல் கோப்பையை 2003-இல் வென்றதும் அங்கேயே. 2003 முதல் 2007 வரை ஐந்து, பிறகு 2011, 2012, 2017, 2019, கடைசியாக 2023. பதினேழில் பத்து கோப்பைகள் இந்த ஒரே கூரையின் கீழ் கிடைத்தவை. சொந்த ஊரான ஒட்டாவாவில்கூட அவர்களுக்கு இத்தனை இல்லை.

அரங்கத்துக்குள் போவதற்கு முன் சில விஷயங்கள். கட்டடம் சிட்டடல் குன்றின் சரிவில் நிற்கிறது. மேலே பிரன்ஸ்விக் தெரு, கீழே ஆர்கைல் தெரு. இடையிலுள்ள தெருக்கள் செங்குத்தானவை. மார்ச்சில் பகலில் உருகிய நீர் இரவில் கண்ணாடிபோல் உறையும். ரப்பர் அடிப்பகுதி உள்ள காலணி இல்லாவிட்டால் மேலிருந்து கீழே நடக்க வேண்டாம், கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலங்களைப் பிடித்து வாருங்கள்.

உள்ளே அது பனி ஹாக்கி அரங்கம். பனித்தரையின் மேல் காப்புப் பலகைகளை அடுக்கி, அதற்கு மேல் மரத்தரையைப் பொருத்துகிறார்கள். கீழ் வரிசைகளில் கால் குளிரும். கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே வைக்க வேண்டாம். ஹாக்கித் தளம் 61 மீட்டர் நீளம், கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர்தான். அதனால் இரு முனைகளிலும் உள்ள இருக்கைகள் ஆட்டத்திலிருந்து வெகு தூரம் தள்ளிப்போகின்றன. விலை குறைவாக இருந்தாலும் முனை இருக்கையை வாங்காதீர்கள். பக்கவாட்டில் பத்தாவது வரிசைக்கு மேல் எங்கே கிடைத்தாலும் நல்லது: தற்காப்பு எப்படி நகர்கிறது என்பது மேலிருந்துதான் தெரியும்.

இதே இடைவெளி வீரர்களையும் படுத்தும். பல்கலைக்கழக ஜிம்மில் கூடைக்குப் பின்னால் சில அடிகளில் சுவர் இருக்கும். கண் அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடப் பழகியிருக்கும். இங்கே கூடைக்குப் பின்னால் வெறும் இருட்டு வெளி. வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் மூன்று புள்ளி எறிதல்கள் வளையத்தில் பட்டுத் திரும்புவதைப் பார்த்தால் வீரர்களை உடனே திட்டாதீர்கள்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ பார்த்துப் பழகியவர்கள் விதிகளில் தடுமாறுவார்கள். இங்கே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகள். பத்து நிமிடக் குவாட்டர்கள், மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில், ஐந்தாவது ஃபவுலில் வீரர் வெளியே. டைம்-அவுட்டைப் பயிற்சியாளர்தான் கேட்க முடியும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கேட்டால் கிடைக்காது. ஓவர்டைம் ஐந்து நிமிடம். அதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இது: ஓவர்டைம் தொடங்கும்போது அணியின் ஃபவுல் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது, நான்காவது குவாட்டரின் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். நான்காவது குவாட்டரில் ஏற்கெனவே நான்கு ஃபவுல் ஆகியிருந்தால், ஓவர்டைமின் முதல் தற்காப்பு ஃபவுலுக்கே எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு). இரண்டு ஓவர்டைம் என்றால் அந்தக் கணக்கு பத்து நிமிடம் தொடர்ந்து ஓடும். முக்கிய வீரர்கள் ஐந்தாவது ஃபவுலில் ஒவ்வொருவராக உட்காரத் தொடங்குவார்கள். அப்போது பெஞ்சில் ஆழம் உள்ள, அதாவது நல்ல மாற்று வீரர்கள் நிறைய உள்ள அணிக்குத்தான் சாதகம். மூன்று நாளில் மூன்றாவது ஆட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கால்கள் ஏற்கெனவே கனத்திருக்கும். 109–104 போன்ற பெரிய எண்கள் ஓவர்டைமில் உருவாவதற்கு இந்த ஃப்ரீ த்ரோ விதி ஒரு முக்கியக் காரணம்.

கார்ல்டனின் அந்த ஆழம் ஒரே நாளில் வந்ததல்ல. டேவ் ஸ்மார்ட் 1999-இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று 2019-இல் விலகினார். அடுத்து வந்த டாஃப் சார்ல்ஸ் அதுவரை அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிப் பயிற்சியாளர். 2018-இல் அந்த அணிக்கு முதல் தேசியக் கோப்பையை வாங்கித் தந்தவர். ஆண்கள் அணியோடு 2020, 2022, இப்போது 2023. ஸ்மார்ட்டின் நிழலில் அவர் பெயர் வெளியே அவ்வளவு அடிபடுவதில்லை. என் கணக்கில், பெரிய மனிதர் விட்டுச்சென்ற நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைகளைத் தக்கவைப்பது கோப்பை தொடங்கிவைப்பதைவிடக் கடினம்.

இப்போது பெண்கள் ஆட்டத்துக்கு வருவோம். அதே வார இறுதியில், அதே மாகாணத்தில், பெண்கள் தேசியப் போட்டி கேப் பிரெட்டனின் சிட்னியில் நடந்தது. அங்கும் வென்றது கார்ல்டன்தான், குயின்ஸ் அணியை இறுதியில் தோற்கடித்து. ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கோப்பைகள், இரண்டு அரங்கங்களுக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர்.

இரண்டையும் பார்க்க முடியுமா? ஒரே வார இறுதியில் பாதி பாதியாக முடியும். சிட்னியில் தொடக்க ஆட்டங்களைப் பார்த்துவிட்டு ஹாலிஃபாக்ஸுக்கு இறங்கிவருவதுதான் சரியான திசை. கேப் பிரெட்டன் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் கான்சோ கரைப்பாலத்தைக் கடந்து, ஆன்டிகோனிஷில் நின்று சாப்பிட்டு, ட்ரூரோ வழியாக நான்கரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு கேப் பிரெட்டனில் ஓட்ட வேண்டாம். மான் சாலையில் குறுக்கிடும். சிட்னியின் அரங்கம் நகருக்குள் இல்லை, கிளேஸ் பே போகும் வழியில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. நகர மையத்தில் அறை எடுத்துவிட்டு நடந்து போகலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள்.

ஹாலிஃபாக்ஸில் கார் வைத்திருந்தால் குளிர்கால நிறுத்தத் தடையை மறக்காதீர்கள். டிசம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, பனிப்பொழிவுக்காக நகராட்சி அறிவிக்கும் இரவுகளில் ஒரு மணி முதல் ஆறு மணி வரை தெருவில் வண்டி நிற்கக்கூடாது. நின்றால் இழுத்துப் போய்விடுவார்கள். கார் இல்லாதவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து 320-ஆம் எண் பேருந்து நேராக நகர மையத்துக்கு வரும். சில்லறை சரியாக வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார். நேரம் இருப்பவர்கள் மொன்றியலிலிருந்து 'ஓஷன்' ரயிலில் வரலாம். வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும். ஒரு இரவும் பகலும் எடுக்கும். புறப்படும் நாளைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கினால் காலிறுதி முடிந்த பிறகு வந்து இறங்குவீர்கள்.

சாப்பாட்டுக்கு டோனெய்ர். 2015-இல் நகராட்சி மன்றமே அதை ஹாலிஃபாக்ஸின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. காரமான மாட்டிறைச்சிச் சீவலை பிட்டா ரொட்டியில் சுற்றி, மேலே வெள்ளைச் சாறு ஊற்றுவார்கள். கெட்டிப்பால், வினிகர், பூண்டுத்தூள் கலந்த இனிப்புச் சாறு அது. முதல் கடியில் பலருக்கும் முகம் சுளிக்கும், மூன்றாவதில் சரியாகிவிடும். வெள்ளித்தாளைக் கீழிருந்து உரிக்காதீர்கள், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டே போங்கள். இல்லையென்றால் சாறு முழுதும் கைச்சட்டையில் வழியும். இறைச்சி சாப்பிடாதவர்கள் 'கார்லிக் ஃபிங்கர்ஸ்' கேட்கலாம்: பூண்டு வெண்ணெயும் சீஸும் போட்டு நீள நீளமாக வெட்டிய பீட்ஸா. மேலே பன்றிக்கறித் துண்டு தூவும் கடைகள் உண்டு, கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கடிகாரம். கனடாவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அதிகாலையில் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். 2023-இல் அது இறுதியாட்ட நாளிலேயே விழுந்தது. அதோடு ஹாலிஃபாக்ஸ் ஒட்டாவாவைவிட ஒரு மணி முன்னால். இரண்டும் சேர்ந்து ஒன்டாரியோவிலிருந்து வருபவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும்; கைபேசி தானாக மாறிக்கொள்ளும், விடுதியின் மேசைக் கடிகாரம் மாறாது. ஞாயிறு இரவு விமானத்தில் திரும்பும் திட்டமும் வேண்டாம். ஓவர்டைமின் ஐந்து நிமிடம் ஃப்ரீ த்ரோவும் டைம்-அவுட்டும் சேர்ந்து கால் மணிக்கு மேல் இழுக்கும். அரங்கிலிருந்து விமான நிலையம் சுமார் 35 கிலோமீட்டர். திங்கட்கிழமை முற்பகல் விமானமே சரி.