பாலுக்கு மார்க் போடாதீங்க

என் பெரியவள் ஆறாவது வாரத்திலேயே தாய்ப்பாலிலிருந்து புட்டிக்கு மாறியவள். சின்னவனோ இரண்டு வயது வரை விடவே இல்லை, கடைசியில் வேப்பிலையை அரைத்துத் தடவித்தான் மறக்கடிக்கப் பார்த்தோம் (மூன்றாம் நாள் அந்தக் கசப்பும் அவனுக்குப் பழகிவிட்டது, அது தனிக்கதை). இந்த விவரம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததோடு விட்டால் பரவாயில்லை, பிள்ளைகளின் ரிப்போர்ட் புக் வரும்போதெல்லாம் அதைத் தூசி தட்டி எடுப்பார்கள். இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் இருக்கும் சின்னவன் நன்றாகச் செய்தால் "தாய்ப்பால் குடிச்ச பிள்ளையாச்சே". உயர்நிலை இரண்டில் இருக்கும் பெரியவள் கணக்கில் தடுமாறினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், என் பக்கம் ஒரு பார்வை மட்டும் வரும்.

போன மாதம் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பியிருந்தார். தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் ஏழு புள்ளி அதிகமாம், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்களாம். கீழே கைகூப்புகிற பொம்மை வேறு. எனக்குச் சுருக்கென்று இருந்தது. சரி, இந்த ஏழு எங்கேயிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் பெரியவளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் 2012-இல் பிறந்தாள். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை, அன்றைக்கு அதுதான் பல இடங்களில் வழக்கம். இரவில் பிள்ளையைத் தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், "நீங்க தூங்குங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள், எனக்கும் தையல் வலியில் அது வரம் போலத்தான் இருந்தது. அங்கே புட்டியில் பால் மாவு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாகிவிட்டது, பிள்ளைக்கோ வாயில் பிடிக்கத் தெரியவில்லை, காம்பு வெடித்து ரத்தம். அம்மா புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கி வரச் சொல்லிப் புட்டு செய்தார், பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார், பச்சை உடம்புக்கு என்ன பத்தியம் உண்டோ எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் பிள்ளை அழும் ஒவ்வொரு முறையும் "பால் பத்தல போலிருக்கே" என்பார். அன்பாகத்தான் சொன்னார். ஒரு நாளைக்குப் பத்து முறை அதைக் கேட்டால், பதினோராவது முறை நாமே சொல்ல ஆரம்பித்துவிடுவோம். அம்மா ஊருக்குத் திரும்பிய வாரம் டின்னை வாங்கி வைத்தேன்.

டின் விலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 2016-இல் இங்கே 900 கிராம் டின்னின் சராசரி விலை ஏறத்தாழ 56 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் லேபிளில் பட்டம் வாங்கிய தொப்பியோடு ஒரு கரடிக்குட்டி இல்லாததுதான் குறை, மூளைக்கு அது, கண்ணுக்கு இது என்று அவ்வளவு வாக்குறுதிகள். பிறகு அரசாங்கம் லேபிளில் ஆசை காட்டும் படங்களுக்கும் வாக்குறுதிகளுக்கும் கடிவாளம் போட்டது.

நான்கு வருடம் கழித்துச் சின்னவன். இந்த முறை ஒரு தாதி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மலாய்க்கார அம்மா. நான் வழக்கம்போல் மார்பைத் தூக்கிப் பிள்ளையின் வாயில் வைக்கப் பார்த்தேன், புட்டியின் ரப்பரை வைப்பது போல. அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். அவன் மூக்கு காம்புக்கு நேராக வரும்படி வைத்துவிட்டு, காத்திருக்கச் சொன்னார். காம்பு மேலுதட்டில் உரசியது. அவன் கொட்டாவி விடுவது போல வாயை அகலமாகத் திறந்தான், அந்த நொடியில் அவன் முதுகை ஒரே தள்ளு, மோவாய் முதலில் மார்பில் பதிந்தது, காம்பு மட்டுமில்லாமல் கீழ்ப்பக்கக் கருவட்டமும் வாய்க்குள் போனது. வலிக்கவில்லை. நான் வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், வலிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது, சின்னதாக ஒரு "க்". அவர் நாற்பது நிமிடம் என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், மறுநாள் காலையும் வந்தார், வீட்டுக்குப் போனபின் ஒருநாள் ஃபோனிலும் கூப்பிட்டுக் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதே அம்மா, அதே பூண்டு, அதே நான். மாறியது அந்த நாற்பது நிமிடம்.

இப்போது அந்த ஏழுக்கு வருகிறேன்.

தாய்ப்பால் குடித்த பிள்ளைகளையும் குடிக்காத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து அளந்தால், குடித்தவர்கள் கொஞ்சம் முன்னால் நிற்பார்கள். சிக்கல் என்னவென்றால், பல நாடுகளில் நீண்ட நாள் பால் கொடுக்கும் அம்மாக்கள் அதிகம் படித்தவர்களாக, வசதியுள்ளவர்களாக இருப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்வது பாலால் மட்டுமா, வீட்டால், புத்தகத்தால், அம்மாவின் படிப்பால் இல்லையா? 2006-இல் அமெரிக்கப் பிள்ளைகள் ஐந்தாயிரம் பேருக்கு மேல் எடுத்து, அம்மாவின் அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. சரி, சீட்டுக் குலுக்கிப் போட்டு "நீ பால் கொடு, நீ கொடுக்காதே" என்று சொல்லிச் சோதிக்கலாமா? முடியாது, அது பாவம்.

பெலாருஸ் நாட்டில் ஒரு குழு இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து மைக்கேல் கிரேமர் தலைமையில். அவர்கள் பாலைச் சீட்டுக் குலுக்கவில்லை. உதவியைக் குலுக்கினார்கள்! 31 பிரசவ மருத்துவமனைகளும் அவற்றோடு சேர்ந்த பாலிகிளினிக்குகளும். ஒரு பாதியில் ஊழியர்களுக்குத் தாய்ப்பால் கொடுக்க அம்மாக்களுக்கு எப்படி உதவுவது என்று பயிற்சி, மறு பாதியில் வழக்கம்போல் எல்லாம். 1996, 97-இல் 17,046 அம்மா-பிள்ளை ஜோடிகள் சேர்ந்தார்கள், எல்லாருமே பால் கொடுக்க ஆரம்பித்திருந்த அம்மாக்கள்தான். மூன்றாவது மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகள், உதவி கிடைத்த பக்கம் நூற்றுக்கு 43, கிடைக்காத பக்கம் நூற்றுக்கு 6. இந்த இடத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் அந்த ஆறு பேரில்கூட இல்லை, மிச்சமுள்ள தொண்ணூற்று நாலில் ஒருத்தி. அவர்கள் எல்லாருக்குமா பால் இல்லாமல் போயிருக்கும்?

முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு நோய்கள் வந்தது உதவி கிடைக்காத பக்கம் நூற்றுக்கு 13 பிள்ளைகளுக்கு, கிடைத்த பக்கம் 9 பிள்ளைகளுக்கு, தோல் கரப்பானும் கிடைத்த பக்கம் ஏறத்தாழ பாதிதான். ஆறரை வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள், சொல் சார்ந்த திறனில் உதவி கிடைத்த பக்கம் 7.5 புள்ளி அதிகம். நாத்தனாரின் ஏழு இதுதான். நம் ஊரில் ஏழரை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சோதனையைச் செய்த மருத்துவர்களுக்கு எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியும், அதனால் கை கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. பதினாறு வயதில் அதே பிள்ளைகளைக் கணினியில் சோதித்தபோது சொல் சார்ந்த திறனில் மிச்சமிருந்தது 1.4 புள்ளி. நினைவாற்றல், கவனம் போன்ற மற்றவற்றில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆறரை வயதில் பார்த்த உடல் பருமன், ரத்த அழுத்தம், ஆஸ்துமாவிலும் வித்தியாசமில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்திலும் பாலை நிறுத்தியவர்களும் தொடர்ந்தவர்களும் கலந்தே இருந்தார்கள், அதனால் பாலின் பலன் இந்த எண்களில் நீர்த்துப்போய்த்தான் தெரியும். இருக்கட்டும். எப்படிப் பார்த்தாலும் 1.4 புள்ளியை வைத்து ஒருத்தி நல்ல அம்மாவா இல்லையா என்று தீர்ப்பு எழுத முடியாது, டியூஷன் டீச்சர்கூட அதை மார்க் என்று மதிக்க மாட்டார். எனக்கு அந்த ஆய்வில் பெரிதாகத் தெரிந்தது 43-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான், அதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

சிங்கப்பூரில் நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆறு மாதம் வரை ஏதாவது ஓர் அளவில் தாய்ப்பால் கொடுத்தவர்கள் 2001-இல் நூற்றுக்கு 21, 2011-இல் 42. பெரியவள் பிறந்தபோது, தாய்ப்பால் கொடுக்க அம்மாக்களுக்கு ஒழுங்காக உதவும் மருத்துவமனைகளுக்குத் தரும் 'குழந்தை நேய மருத்துவமனை' என்ற சான்றிதழ் இங்கே ஒரு மருத்துவமனைக்கும் கிடையாது. அடுத்த வருடம் என்யுஎச் மருத்துவமனை வாங்கியது, அதற்கடுத்த வருடம் கேகே, எஸ்ஜிஎச் மருத்துவமனைகளும். அம்மாக்களே அம்மாக்களுக்கு உதவும் சங்கம் ஒன்று எழுபதுகளிலிருந்தே இருக்கிறது என்பதும் எனக்குச் சின்னவன் பிறந்த பிறகுதான் தெரியும். பெலாருஸில் பிள்ளை பிறந்தால் மூன்று வருடம் வரை விடுப்பு உண்டு, சின்னவன் பிறந்தபோது இங்கே பிரசவ விடுப்பு 16 வாரம். பதினேழாவது வாரம் நான் அலுவலகத்து ஸ்டோர் ரூமில், காகிதப் பெட்டிகளுக்கு நடுவில், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, பால் எடுக்கப் பம்ப் வைத்தேன். ஐஸ் பையோடு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு வருவேன், யாராவது இடித்தால் உயிரே போய்விடும்.

பால் மாவு விஷமில்லை, பெரியவள் கராத்தேயில் என்னைத் தூக்கி எறிகிற வலுவோடு இருக்கிறாள். பிறந்த பிள்ளை எடை ஏறவில்லை, மூத்திரத்துணி நனைவது குறைகிறது, மஞ்சள் காமாலை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

போன வாரம் எங்கள் புளோக்கில் ஏழாவது மாடிப் பெண் ஒருத்தி, தஞ்சாவூர்ப் பக்கம், பிள்ளை பிறந்து ஒன்பது நாள், மின்தூக்கியில் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "அக்கா, பாலே இல்லக்கா." மாலையில் போனேன். நான் தாதி இல்லை, எனக்குக் காட்டியதை அவளுக்குக் காட்டினேன்: வயிற்றோடு வயிறு, மூக்குக்கு நேர், காத்திரு. மூன்று முறை வழுக்கியது. நாலாவது முறை பிடித்தான். சங்கத்தின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, கூடத்தில் நின்றுகொண்டிருந்த அவள் கணவரிடம் போனேன். அவருக்கு இப்போது நான்கு வாரம் விடுப்பு உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு அவ பால் கொடுக்கும்போது ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைங்க தம்பி, "பால் வருதா"ன்னு மட்டும் கேக்காதீங்க என்றேன். அவர் சரிக்கா என்று தலையாட்டிவிட்டு, ரொம்பச் சின்னக் குரலில், "எங்க அம்மா கேட்டா?" என்றார்.