இரண்டாம் நிலை தச்சர் தேர்வு: முதலில் பெயர் எழுதுங்கள், அப்புறம் இழையுங்கள்

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. என் எண் பட்டியலில் இருந்தது. நம்பாமல் மூன்று தடவை பார்த்தேன். போன முறை இதே பட்டியலில் எனக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் இருந்தன, நடுவில் நான் மட்டும் இல்லை. அந்த வலி ஆறியபிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்போது ஜப்பானில் கட்டடத் தச்சு இரண்டாம் நிலைக்குத் தயாராகும் நம்மவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன முறை எழுத்துத் தேர்வில் தேறினேன், செய்முறையில் விழுந்தேன். தேறிய பகுதியைத் திரும்ப எழுத வேண்டியதில்லை என்பதால் இந்த முறை செய்முறை மட்டும்தான். ஆகவே இதில் பெரும்பகுதி ஷிஹோ கொரொபி பற்றித்தான் இருக்கும். நான்கு தூண்களும் இரண்டு திசையிலும் உள்நோக்கிச் சாயும் அந்தச் சட்டகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வினா முன்கூட்டியே கையில் கிடைக்கிறது, கட்டிப் பழகிவிட்டுப் போகலாம். அப்படியிருந்தும் விழுந்தேன்.

விழுந்த காரணம் ஒரே ஒரு தூண். சாய்ந்து நிற்கும் தூணைத் தரைக்கு இணையாக வெட்டிப் பார்த்தால் சதுரம். அதே தூணை அதன் நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் சாய்சதுரம். அதனால்தான் சதுரக் கட்டையின் பக்கங்களைச் சரித்து இழைக்கிறோம், அதைத்தான் குசெ எடுப்பது என்கிறோம். இழைத்து முடித்ததும் வெளி மூலையும் உள் மூலையும் விரிகோணம், பக்கவாட்டு மூலைகள் இரண்டும் குறுங்கோணம். நான் மூன்று தூண்களைச் சரியாக இழைத்தேன். நான்காவதை மேசையில் புரட்டிப் போட்ட வேகத்தில் எந்த மூலை வெளியே என்பதை மறந்து, குறுங்கோண மூலையை வெளியே வைத்து மை கோடு போட்டுவிட்டேன்.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? கணக்குக்காக 10க்கு 3 சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலை 90 பாகையிலிருந்து ஏறத்தாழ 4.7 பாகைதான் விலகும். 50 மி.மீ. தூணில் ஓர் ஓரத்தில் 4 மி.மீ.க்குச் சற்று மேல் இழைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கண்ணால் பார்த்தால் நான்கும் ஒன்று போலத்தான் தெரியும். தூண்களைக் குறுக்கே இணைக்கும் கட்டையான நுகியைக் கோக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கழுந்து (நுகியின் மெலிந்த முனை) துளைக்குள் போகும், ஆனால் தோள் (கழுந்து தொடங்கும் விளிம்பு) தூணின் முகத்தில் உட்காராது, ஒரு பக்கம் வாய் பிளந்து நிற்கும். அந்தப் பிளவை ஆப்பு அடித்து மூட முடியாது. அதற்குள் நேரமும் போய்விட்டது.

சரி, மருந்து என்ன? பன்சுகே. வீடு கட்டும்போது ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பக்கம் இ, ரோ, ஹ என்று ஜப்பானிய எழுத்து வரிசையிலும், மறுபக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்றும் கட்டம் போட்டுப் பெயர் வைப்பார்களே, அதேதான். பழைய கோயில்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போதும் மரத்தில் இந்த எழுத்துகள் மையோடு கிடைக்கின்றன. தேர்வுக்கு நான்கே தூண்தானே, எதற்குப் பெயர் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஓர் ஆண்டு விலை கொடுத்தேன்.

இந்த முறை செய்தது:

- கட்டைகள் கைக்கு வந்ததும் இழைப்புளியைத் தொடுவதற்கு முன்பே நான்கையும் மேசையில் நிற்க வைத்தேன். அடிமரம் கீழே, நுனி மேலே.
- கட்டடத்தில் எப்படி நிற்குமோ அப்படியே சதுரமாக அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் பெயர் எழுதினேன்.
- வெளி மூலையில் ஒரு புள்ளி, தலையிலும் காலிலும். அறுக்கும் பகுதிக்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனியை வெட்டும்போது குறியும் போய்விடும்.
- ஒரு தூணை இழைத்து முடித்ததும் மறுபடி தன் இடத்தில் நிற்க வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தேன்.

இதற்கு நான்கைந்து நிமிடம் செலவாகும். வரைபடத்தில் சுணங்கினாலும் பரவாயில்லை, இந்த நிமிடங்களில் கை வைக்காதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்து கிகுஜுட்சு, அதாவது தச்சு மூலைமட்டத்தை வைத்துக் கோணமும் நீளமும் எடுக்கும் முறை. கோணங்களை மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு ஒத்துவராது. நீளம் 10, ஏற்றம் 3 என்று ஒரு செங்கோண முக்கோணம் போடுங்கள். சாய்கோடு, அதாவது கென், 10.44. செங்கோணத்திலிருந்து சாய்கோட்டுக்கு இறக்கும் செங்குத்து சூகோ, 2.873. அது கென்னை இரண்டாக வெட்டுகிறது: நீளமான துண்டு சோகென் 9.578, குட்டைத் துண்டு தான்கென் 0.862. இப்போது தான்கென்னைக் கென்னால் வகுத்து 50ஆல் பெருக்குங்கள். 4.13 வரும். மேலே சொன்ன இழைப்பின் அளவு அதுதான். இதை நானே தாளில் போட்டுக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே முக்கோணத்துக்குள் எல்லாம் ஒளிந்திருக்கிறது. பட்டறைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் வகுக்கவில்லை, பெருக்கவில்லை, சஷிகனேயை, அதாவது அந்த மூலைமட்டத்தை, மரத்தில் இரண்டு முறை திருப்பி வைத்துக் கோடு கிழித்தார், அதே இடத்தில் விழுந்தது.

சஷிகனேயின் பின்பக்கத்தையும் பழகுங்கள். அங்கே அளவுகள் √2 மடங்கு பெரிதாக இருக்கும். உருண்டை மரத்தின் விட்டத்தில் அதை வைத்தால், அந்த மரத்திலிருந்து எடுக்கக்கூடிய பெரிய சதுரக் கட்டையின் பக்கம் நேராகக் கிடைத்துவிடும். இதைக் கையால் செய்து பார்த்தவனுக்கு எழுத்துத் தேர்வில் மறக்காது.

இப்போது கசப்பான விஷயம். வேலை செய்யும் இடத்தில் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். இன்றைக்கு ஜப்பானில் சட்டக முறையில் கட்டும் மர வீடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆலையில் இயந்திரம் வெட்டிய மரத்தால்தான் எழுகின்றன. தூணும் உத்திரமும் மூட்டு வெட்டிய நிலையிலேயே லாரியில் வந்து இறங்கும். ஒரே நாளில் முகடு ஏறிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்து முதல் இரண்டு ஆண்டில் ஒரு வீட்டுக்குக்கூட மை கோடு போட்டதில்லை. இந்த மரக் கட்டடக்கலைத் திறன்களை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கேட்டபோது பெருமையாக இருந்தது. மறுநாளும் எனக்கு ஆணி அடிக்கும் வேலைதான் இருந்தது. ஆகவே பயிற்சி மாலையில்தான், உங்கள் சொந்த நேரத்தில்தான். முதல் முறை மூன்று தடவை முழுதாகக் கட்டிவிட்டுப் போனேன், போதவில்லை. இந்த முறை பதினான்கு.

என் சுபாவத்துக்கு ஒத்து வந்த சில:

- முதல் பத்து தடவை கடிகாரம் வேண்டாம். நேரம் பார்த்தால் எனக்குக் கை அவசரப்படும். பதினோராவதில் பார்த்தபோது நேரம் தானாகக் குறைந்திருந்தது.
- உளி மழுங்கினால் சுகி மரத்தின் குறுக்குமுகம் வெட்டுப்படாது, நசுங்கும். தினமும் தீட்டுங்கள். முந்தின இரவு மட்டும் தீட்டிப் பயனில்லை.
- மை கோட்டின் பாதியை விட்டு அறுங்கள். கோடு முழுதும் போனால் எங்கே பிசகியது என்று உங்களுக்கே தெரியாது.
- நான் ஊரில் ரம்பத்தைத் தள்ளி அறுத்துப் பழகியவன். இங்கே இழுக்க வேண்டும். பதற்றத்தில் பழைய பழக்கம் திரும்பி வந்து அலகு வளையும். ஊரில் தச்சு பழகிவிட்டு வந்தவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

எழுத்துத் தேர்வு பற்றிச் சுருக்கமாக. நூற்றுக்கு 65 எடுக்க வேண்டும், பழைய வினாத்தாள்களைப் போட்டால் போதும். ஆனால் சரியா தவறா வினாக்களில் மரத்தின் இயல்பு பற்றியவை ஏமாற்றும். பலகை காயும்போது பட்டைப் பக்கம் குழியும், வைரப் பக்கம் மேடாகும். அதனால்தான் இழுப்புக் கதவின் மேல் சட்டத்துக்கும் கீழ் சட்டத்துக்கும் பட்டைப் பக்கத்தைக் கதவு இருக்கும் பக்கமாக வைக்கிறார்கள். மாற்றி வைத்தால் நடுப்பகுதி புடைத்துக் கதவு சிக்கும். இப்படிக் காரணத்தோடு படித்தால் வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள். மூட்டு வகைகளுக்குப் படம் மட்டும் பார்க்காமல் ஒரு தடவையாவது வெட்டிப் பாருங்கள். கனவா மூட்டை ஒரே ஒரு முறை வெட்டினேன், நாள் முழுதும் ஆனது. ஆனால் அடி அழுகிய தூணுக்குப் புதுக் கால் ஒட்ட அதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கவாட்டில் நுழைத்து, நீளவாக்கில் இறுக்கி, நடுவில் சாவிக்கட்டை அடிக்கலாம். தூணைத் தூக்க வேண்டியதே இல்லை.

தேர்வு நாளில் எனக்குப் பக்கத்து மேசைப் பையன் முதலில் முடித்தான். நான் தலை நிமிரவில்லை. நுகி நான்கு தோள்களிலும் உட்கார்ந்தபோது ஒரு சின்ன சத்தம் வந்தது, மரம் மரத்தில் அமரும் சத்தம். விரல் நகத்தை இடுக்கில் வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. அதற்கு மேல் நான் எதையும் தொடவில்லை.

பயிற்சிக்கு மரம் வாங்க முடியாதவர்கள் பக்கத்து மரம் வெட்டும் ஆலையில் துண்டுக் கட்டை கேட்டுப் பாருங்கள். நான் கட்டிய பதினான்கு சட்டகங்களில் ஒன்பதுக்கு மரம் அப்படி வந்ததுதான். முடிச்சு இருக்கும், நீளம் மாறும், பரவாயில்லை. குசெ எடுக்கப் பழக அது போதும்.