28 கி.மீ. வேகத்தில் ஒரு கார் ராலி

கார் ராலி நடத்தப்போகிறோம் என்றதும் மாமனார் கேட்டது, "இன்சூரன்ஸ் இருக்கா மாப்ள?" பக்கத்து வீட்டுப் பையன் கேட்டது, "அண்ணே, எவ்ளோ ஸ்பீடு?" சராசரி 28 என்றேன். முகம் தொங்கிவிட்டது அவனுக்கு. டவுன் பஸ்ஸே அதைவிட வேகமா போகுமே என்றான். போகும்தான். கடலூர் பஸ்ஸில் படியோரம் நின்று போன யாருக்கும் அது தெரியும்.

எங்கள் மோட்டார் கிளப் என்பது புதுச்சேரியில் முப்பது பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு மெக்கானிக் ஷெட், அவ்வளவுதான். நடத்தியது டி.எஸ்.டி. ராலி. டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை சராசரி 28 கி.மீ. வேகத்தில் வா என்று சொல்லிவிடுவோம். 14 கிலோமீட்டர் என்றால் சரியாக 30 நிமிடம். ஆனால் கன்ட்ரோல், அதாவது கார் வரும் நேரத்தைக் குறிக்கிற இடம், எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லமாட்டோம், அதனால் ஒவ்வொரு நிமிடமும் 467 மீட்டர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், மாட்டுவண்டி குறுக்கே வந்தாலும். ஒரு நொடி தாமதமானால் ஒரு புள்ளி அபராதம், ஒரு நொடி முந்தினால் இரண்டு. பக்கத்து சீட்டில் கால்குலேட்டரும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கும் நேவிகேட்டர்தான் இதில் முக்கியம், ஓட்டுகிறவர் அவர் சொன்னதைக் கேட்டால் போதும். (பல ஜோடிகள் கணவன் மனைவி. மேற்கொண்டு நான் எழுதவில்லை.)

பாதை: தாவரவியல் பூங்கா பக்கம் ஆரம்பித்து வில்லியனூர், மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர், கன்னியக்கோயில், அப்புறம் கடலூர் சில்வர் பீச். பீச் ரோட்டில் காந்தி சிலை முன்னால் கொடி அசைத்துத் தொடங்கலாம் என்று எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் அங்கே சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள்.

அனுமதி விஷயம் தனிக் கதை. புதுச்சேரி வரைபடம் பிய்த்துப் போட்ட தோசை மாதிரி. கடலூர் ரோட்டில் நேராகப் போனாலே ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் மறுபடி புதுச்சேரி, ஆற்றுக்கு முன்னாலேயே திரும்பவும் தமிழ்நாடு. அதனால் இரண்டு பக்கமும் கடிதம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவது குற்றம், எனவே எல்லாக் கடிதத்திலும் முதல் வரியே "இது ரேஸ் அல்ல" என்றுதான் எழுதினோம். எழுதி எழுதி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உண்மையான வேலை ரோடு புக், ஓட்டுகிறவர்களுக்கு வழி சொல்லும் புத்தகம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு படம்: புள்ளி இருக்கும் இடம் நீங்கள் வரும் திசை, அம்புக்குறி போக வேண்டிய திசை. ஹாலந்தின் துலிப் ராலியில் இருந்து வந்ததால் இதற்கு துலிப் என்றே பேர். பக்கத்தில் தூரம், அதற்குப் பக்கத்தில் அடையாளம். என் காரில் டயர் ஒரு சைஸ் பெரிது, அதனால் தூரம் அளக்கும் ட்ரிப் மீட்டர் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஒவ்வொரு காரும் ஒவ்வொரு மாதிரி பொய் சொல்லும் என்பதால் முதல் 5 கிலோமீட்டரை அளவு சரிபார்க்கவே ஒதுக்கினோம், அவரவர் மீட்டர் எவ்வளவு காட்டுகிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். தப்பு செய்தது ஒரே இடத்தில். ஏம்பலம் தாண்டி ஒரு இடது திருப்பத்துக்கு அடையாளமாக "பச்சை வீடு" என்று எழுதியிருந்தேன். எழுதியது ஜனவரி முதல் வாரம். ராலி பிப்ரவரியில். நடுவில் பொங்கல் வந்தது, வீட்டுக்காரர் பெயின்ட் அடித்துவிட்டார். நல்ல ரோஸ் கலர். நாலு கார்கள் பச்சை வீட்டைத் தேடிக்கொண்டே நெட்டப்பாக்கம் வரைக்கும் போய்விட்டன. பொங்கலுக்கு முன்னால் ரோடு புக் எழுதக்கூடாது என்று எந்தக் கையேட்டிலும் போட்டிருக்காது.

பாகூர் பக்கம் ரோட்டில் கிடந்த நெல்லையாவது முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக ஒரு சுற்று வரும்போதே பார்த்துவிட்டோம். பாதி ரோட்டுக்கு நெல் காயப் போட்டு, ஓரம் முழுக்கக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். ட்ரிப் மீட்டரில் 600 மீட்டர். அந்தப் பகுதிக்கு 34 என்று வைத்திருந்த வேகத்தை 20 ஆக்கி, ராத்திரி பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரரைக் கெஞ்சி ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடித்தோம்.

காலை 7.30-க்கு முதல் கார், இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக 18 கார்கள். பாகூர் கன்ட்ரோலில் மார்ஷலாக உட்கார்ந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா தாத்தா, எங்கள் கிளப் பையன் ஒருவனுடைய சொந்தம். வேட்டி, தொப்பி, மடியில் கடிகாரம். கார் கோட்டைத் தொடும் நொடியைக் குறித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். "தாத்தா, ரெண்டு செகண்டுதானே" என்று ஒருத்தர் குழைந்ததற்கு, "ரெண்டு செகண்டு, ரெண்டு செகண்டுதான்" என்று சொல்லி 2 என்று எழுதினார்.

கடலூர் எல்லையில் புதுச்சேரி வண்டி என்றால் டிக்கியைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகவே ஆல்பேட்டை சோதனைச் சாவடியை ஒட்டி 12 நிமிடம் கணக்கில் வராத நேரமாக விட்டிருந்தேன். அன்றைக்கென்று யாரும் ஒரு காரைக்கூட நிறுத்தவில்லை. எல்லாரும் டீக்கடையில் நின்றார்கள். ஒரு காவலர் மட்டும் வந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சில்வர் பீச்சில் முதலில் வந்து சேர்ந்த இளைஞருக்கு ஒன்பதாவது இடம். நம்ப முடியாமல் சண்டைக்கு வந்தார். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த முதல் கார் போட்டியிலும் இதே கதைதான் என்றேன். முதலில் போய்ச் சேர்ந்தது தி தியோன் பிரபுவின் நீராவி வண்டி, ஆனால் அதற்குக் கரி போட ஒரு ஆள் வேண்டும் என்பதால் முதல் பரிசு பெஜோ, பனார் என்ற இரண்டு கார் கம்பெனிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர் சமாதானம் ஆகவில்லை. மீன் வறுவல் வந்ததும் ஆனார்.

மறுநாள் திங்கட்கிழமை, வழியெல்லாம் கட்டியிருந்த அட்டைகளைக் கழற்றப் போனேன். பாகூர் ரோட்டில் அந்த நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"நேத்து வரிசையா போச்சே தம்பி, அந்தக் காருலாம் எந்தக் கட்சி?"

கட்சி இல்லைங்க பெரியவரே, போட்டி என்றேன்.

"அதானே. கட்சிக் காருன்னா நெல்லு மேலயே ஏத்திட்டுப் போயிருப்பானுவளே" என்று மறுபடி துழாவ ஆரம்பித்தார்.